நான்காவது ஊசி

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஸ்டேஷன் பிரிண்டர் மூன்று வாரமாக வேலை செய்யாததற்குப் பிரிண்டர் காரணம் இல்லை. யாரோ அதன் ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பழைய போர்ட்டிலேயே அதைத் தேடிக்கொண்டிருந்தது. நேற்று மத்தியானம் நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது ஏட்டையா பரக்கத் அலியைக் கேட்டுக்கொண்டு நானே சரி செய்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை. அதில் முதன்முதலாக வெளியே வந்த காகிதம் என்னுடைய வாக்குமூலம்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த வாக்குமூலத்தில்தான் சிக்கல். நான்கு பக்கம், நன்றாகவே டைப் அடித்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி வருகிறது: "கம்ப்யூட்டர் பற்றிப் போதிய அறிவு இல்லாத காரணத்தால் சீரியல் போர்ட்டின் செட்டிங்கைத் தவறாக வைத்துவிட்டேன். அதனால் சங்க உறுப்பினர் பெரியண்ணன் மாடியிலிருந்து விழுந்து இறக்க நேர்ந்தது." இதில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? முப்பத்தொரு வருடம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்தவன் நான். பதினொரு வருடமாக எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் செயலாளர். அற்புதசாமிக்கு சீரியல் போர்ட் தெரியாது என்று பேப்பரில் வந்தால் தென்னூரில் நான் எப்படித் தலை காட்டுவது?

"கவனக்குறைவுன்னு போட்டா சீக்கிரம் வெளிய வந்துடலாம். கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க சார், வயசான காலத்துல எதுக்கு அலைச்சல்" என்று நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். நன்றி. ஆனால் அந்த செட்டிங்கில் தவறே இல்லை. வேண்டுமென்றே வைத்தது, மூன்று முறை சோதித்துப் பார்த்து வைத்தது. அதனால்தான் தனிக் காகிதம் கேட்டு வாங்கி என் கையாலேயே எழுதுகிறேன். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட்டிடமும் இதைச் சொல்லத் தயார்.

முதலில் விஷயம் புரிய வேண்டும். அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு, ஊர் உலகத்தோடு பேசுகிறவர்கள் நாங்கள். எங்களுக்குள் வாயால் பேசுவதைவிட மோர்ஸில் பேசுகிறவனுக்குத்தான் மரியாதை. சின்ன ஒலி, நீண்ட ஒலி, அவ்வளவுதான் பாஷை. மேஜைமேல் மோர்ஸ் கீ என்று ஒரு பித்தளைக் கருவி இருக்கும். அழுத்தினால் டிரான்ஸ்மிட்டர் அலையை அனுப்பும், விட்டால் நிறுத்தும்.

கை பழகாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் அதைச் செய்து தரும். கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது ஊசி உள்ள சீரியல் போர்ட் என்று ஒன்று உண்டு. முன்பெல்லாம் மோடம் மாட்டுவார்கள். அதன் நான்காவது ஊசியில் சாஃப்ட்வேர் சொன்னால் மின்சாரம் வரும், சொன்னால் போகும். அந்த ஊசியிலிருந்து ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வழியாக டிரான்ஸ்மிட்டருக்கு ஒயர் இழுத்துவிட்டால் போதும். நீங்கள் பாட்டுக்கு டைப் அடிக்கலாம், வெளியே மோர்ஸாகப் போகும். அப்படி ஒரு சுத்தமான மோர்ஸ். எங்கள் சங்கத்தில் பதினொரு வருடமாக என் மோர்ஸை ஒருவரும் குறை சொன்னதில்லை.

இதை வைத்து எனக்கு மோர்ஸே தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லைசென்ஸ் பரீட்சையில் நிமிடத்துக்கு எட்டு சொல் வேகத்தில் பாஸ் செய்தவன். அதற்குப் பிறகு பழக நேரம் கிடைக்கவில்லை. செயலாளர் வேலை லேசுப்பட்டதா? சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு விதிகள் இருக்கின்றன. அத்தனையும் நான் உட்கார்ந்து எழுதியவை.

பெரியண்ணன் மணப்பாறைக்காரர். மாட்டுச் சந்தைப் பக்கம் தவிடு, புண்ணாக்குக் கடை. மூன்று வருடத்துக்கு முன் சங்கத்துக்கு வந்தபோது ரேடியோவில் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது. லைசென்ஸ் விண்ணப்பத்தைக்கூட நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். ஆறே மாதத்தில் மோர்ஸைக் கரைத்துக் குடித்துவிட்டார். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். மூட்டை நிறுத்துக்கொண்டே காதால் கேட்டுப் புரிந்துகொள்வார். யார் அனுப்புகிறார்கள் என்பதைப் பெயர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். முக்கொம்புப் பக்கம் பாக்கியமேரி என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எங்கள் உறுப்பினர். ஒருநாள் "டீச்சருக்கு இன்னைக்குக் கை வலி போலருக்கு" என்றார் பெரியண்ணன். கேட்டால் அந்த அம்மாவுக்கு முந்தின நாள் மணிக்கட்டு பிசகியிருக்கிறது. "சார் கை மட்டும் தனிங்க. ஒரு புள்ளி பிசகாது" என்று என்னைப் பற்றியும் சொல்வார். அதை நான் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. பார்த்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

தினமும் காலை ஆறரை மணிக்கு உறுப்பினர்கள் எல்லாரும் மோர்ஸில் கூடுவோம். சங்க அறையில் உட்கார்ந்து அதை நடத்துவது நான். ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். வணக்கம், வானிலை, வீட்டில் விசேஷம் ஏதாவது, பிறகு அடுத்தவர். வருகிற மோர்ஸைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கித் திரையில் காட்டும். போகிற பதில்களில் பாதியை முன்கூட்டியே விசைகளில் போட்டு வைத்திருந்தேன். எஃப் ஆறை அழுத்தினால், "மிக்க மகிழ்ச்சி, வாழ்த்துகள், அடுத்தவர் வரலாம்" என்று போகும்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை பெரியண்ணன் முறை வந்தபோது திரையில் வந்ததெல்லாம் உளறல். சம்பந்தமில்லாத நாலு எழுத்து, ஒரு இடைவெளி, அப்புறம் ஒரே எழுத்து ஏழு தடவை. அழுதுகொண்டே அனுப்புகிறவர் கை சீராக இருக்காது. கை சீராக இல்லாவிட்டால் சாஃப்ட்வேருக்குப் பிடிபடாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் முடித்ததும் நான் எஃப் ஆறை அழுத்தினேன். அவர் அனுப்பியிருந்தது இதுதான்: விடிகாலை அம்மா தவறிவிட்டார், பத்து நாள் வர இயலாது.

பதினொரு பேர் அதைக் கேட்டார்கள். சாயங்காலம் வரை என் போன் அடிக்கவில்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை. அதன் பிறகு பாக்கியமேரி கூப்பிட்டார். "பெரியண்ணன் சொன்னாருங்க சார். உங்க பக்கம் ஒரே இரைச்சலாமே, அவர் சொன்னது உங்களுக்குக் கேக்கவே இல்லையாமே. நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம்" என்றார். அம்மாவை நடுவீட்டில் கிடத்தி வைத்துக்கொண்டு, அந்த மனிதர் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அன்று காலை இரைச்சலே இல்லை, சார். பளிங்கு போலக் கேட்டது.

ஜூன் மாதம் அவர் தென்னூரில் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் மழை வருமா வராதா என்று பேசினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எல்லாருக்கும் காது ஒரே மாதிரி அமையாதுங்க. ஞாயித்துக்கிழமையில மணப்பாறை வந்துடுங்க. நம்ம கடை மாடியில ஈ காக்கா வராது. ரெண்டே மாசம், கை தானா வந்துடும். நான் யாருகிட்டயும் சொல்லலைங்க. வள்ளிக்கண்ணுகிட்டகூட மூச்சு விடல."

வள்ளிக்கண்ணு அவர் மனைவி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மிரட்டியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். மிரட்டுகிறவனிடம் பேசித் தீர்க்கலாம். இவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். தன் விண்ணப்பப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று என்னிடம் கேட்டவர், எனக்குச் சொல்லித் தருவதாகச் சொல்கிறார். "யோசிச்சுச் சொல்றேன் பெரியண்ணன், காபி சாப்பிடுங்க" என்றேன். காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எங்கள் சங்கத்துக்கு வெள்ளிவிழா. மேடையில் நான் மோர்ஸ் கீயில் கையால் அனுப்ப வேண்டும், பெரியண்ணன் கேட்டு மைக்கில் வாசிக்க வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்து நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். இதற்காகவா கொன்றீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதற்கு வழி வைத்திருந்தேன். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. மருந்துக் கடையில் கட்டுத்துணிகூட வாங்கிவிட்டேன். ஆனால் அந்தக் கட்டு எதற்கு என்று மேடையில் ஒருவருக்குத் தெரியும். அவர் சிரிக்க மாட்டார், காட்டிக் கொடுக்கவும் மாட்டார். "சாருக்கு விரல்ல அடிங்க" என்று மைக்கில் அவரே சொல்லி என்னைக் காப்பாற்றுவார். அப்புறம் ஆயுசு முழுக்கத் தினமும் காலை ஆறரைக்கு நான் அவரைக் கூப்பிட வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் சங்க அறை ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில், மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருப்பதை நீங்களே பார்த்தீர்கள். ஆண்டெனா ஒரு நீண்ட கம்பி. அதன் ஒரு முனை சுற்றுச்சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் சுற்றுச்சுவர்மேல் ஏறி நிற்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது கம்பியின் முனையில் ஆயிரக்கணக்கில் வோல்ட் இருக்கும். ஆளைக் கொல்லாது. சூட்டுக்கோல் போலச் சுடும், கை உதறிக்கொள்ளும். தரையில் நிற்பவருக்கு ஒரு கொப்புளத்தோடு போய்விடும்.

எங்கள் சாஃப்ட்வேரில் நான்காவது ஊசிக்கு மூன்று செட்டிங் உண்டு. எப்போதும் ஆஃப், மோர்ஸ், எப்போதும் ஆன். நான் மோர்ஸிலிருந்து எடுத்து "எப்போதும் ஆன்" என்று வைத்தேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போது சாஃப்ட்வேரும் தானாகத் திறக்கும்படி செய்தேன். ஆகவே ரீஸ்டார்ட் கொடுத்தால் இரண்டரை நிமிடத்தில் அந்த ஊசிக்கு மின்சாரம் வந்துவிடும். யாரோ மோர்ஸ் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து டிரான்ஸ்மிட்டர் நானூறு வாட்டையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அறையில் ஆளே தேவையில்லை. ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு வெளியே போய், ஒரு பழைய டியூப்லைட்டைக் கம்பி முனைப் பக்கம் நீட்டிப் பார்த்தேன். எந்த ஒயரும் இல்லாமலே பளிச்சென்று எரிந்தது. மூன்று முறையும் எரிந்தது. போதிய அறிவு இல்லாதவன் இப்படிச் சோதித்துப் பார்ப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. ஆடிக் காற்றில் ஆண்டெனாக் கயிறு அவிழ்ந்துவிட்டது, வெள்ளிவிழாவுக்கு முன் கட்ட வேண்டும் என்று பெரியண்ணனைக் கூப்பிட்டிருந்தேன். காற்று பாதிதான் அவிழ்த்திருந்தது. மீதியை நான் அவிழ்த்தேன். அவர் பத்து மணிக்கெல்லாம் மணப்பாறை பஸ்ஸில் வந்துவிட்டார். ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்தார். மீதி என் மேஜை டிராயரில் இருக்கிறது. சாட்சியப் பொருளாக எடுத்திருந்தால் எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பதினான்காம் விதி இப்படி: ஆண்டெனாவைத் தொடப் போகிறவர் டிரான்ஸ்மிட்டரின் பவர் ஒயரைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும், இறங்கிய பிறகு அவரே மாட்ட வேண்டும். மாலை போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் கேலி செய்வார்கள். ஆனால் ஒருவரும் மீறியதில்லை. அன்றைக்குப் பெரியண்ணன் ஒயரைக் கழற்றக் குனிந்தபோது, "நீங்க ஏன் குனியறீங்க, இந்தாங்க" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அலமாரியில் அதே மாதிரி உபரியாக ஒன்று இருக்கிறது. கொடுத்தது அதைத்தான்.

சுவர்மேல் ஏறுவதற்கு முன் அவர் திரும்பிப் பார்த்தார். "ஆஃப்ல இருக்குங்களா சார்?" என்றார்.

"ஒயர் உங்க கழுத்துல இருக்கே, பெரியண்ணன்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கழுத்தில் ஒரு ஒயர் இருந்தது. நீங்கள்கூடப் பிரேதத்தைப் பார்த்ததும் யாரோ கழுத்தை நெரித்திருக்கிறார்கள் என்றுதானே முதலில் நினைத்தீர்கள். அப்புறம் அவரே அவசரத்தில் ஒயரை மாற்றி எடுத்துவிட்டார் என்று எழுதிக்கொண்டீர்கள். பெரியண்ணன் அப்படி அவசரப்படுகிறவர் அல்ல. செத்துப்போனவர்மேல் அபாண்டமாக எழுதக் கூடாது.

பத்து நாற்பதுக்கு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். எதிரே இருக்கிற கடையில் காபி சொன்னேன். டம்ளரை வாயில் வைக்கும்போது கட்டடத்தின் பக்கச் சந்திலிருந்து சத்தம் கேட்டது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள். காபி சூடாக இருந்ததால் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சந்துப் பக்கம் போகாமல் நான் முதலில் மாடி ஏறி டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன். ஆள் இல்லாமல், அனுப்புவது யார் என்று காட்டும் அழைப்புக்குறி சொல்லாமல், ஏறக்குறைய ஐந்து நிமிடம் அலை போயிருக்கிறது. லைசென்ஸ் நிபந்தனைப்படி அது பெரிய குற்றம். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

மாட்டிக்கொண்டதும் அதனால்தான். பாக்கியமேரி அந்த நேரத்தில் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பத்து நாற்பத்திரண்டு முதல் நாற்பத்தேழு வரை இன்னாரென்று தெரியாத ஓர் அலை இடையூறு செய்தது என்று இருபத்தோராம் விதிப்படி படிவம் பூர்த்தி செய்து எனக்கே அனுப்பினார். நீங்கள் விசாரிக்கப் போனபோது உங்களுக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறார். இரண்டு நகல் எடுக்க வேண்டும் என்று விதியில் எழுதியவன் நான். அந்த அம்மா எதையும் முறைப்படி செய்கிறவர்.

நேற்று நீங்கள் பெரியண்ணனின் லாக் புத்தகத்தை என் முன்னால் வைத்தீர்கள். யாரோடு எப்போது பேசினோம் என்று நாங்கள் குறித்து வைக்கிற நோட்டு அது. ஏப்ரல் மாதப் பக்கத்தில், கோணல் மாணலான கையெழுத்தில், இப்படி எழுதியிருந்தார்: "காலை 6.40. அம்மா தவறியதைச் சொன்னேன். செயலாளர் சார் ஆறுதல் சொன்னார்." அதைப் படித்துவிட்டு நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஏட்டையா தண்ணீர் கொடுத்தார். என்னவோ செய்தது, மறைக்கவில்லை. ஆனாலும் சார், அது பொய்ப் பதிவு. லாக் புத்தகத்தில் நடந்ததை நடந்தபடிதான் எழுத வேண்டும். அதனால்தான் உங்களிடம் பேனா வாங்கி அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள்.

ஆக, பெரியண்ணனைக் கொன்றது நான்தான். திட்டமிட்டு, நிதானமாகச் செய்தேன். இதை எழுதி முடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்ததில் இப்போது வேறொரு சங்கடம் தெரிகிறது. நான்காவது ஊசி, செட்டிங், ரீஸ்டார்ட் என்று இதெல்லாம் கோர்ட்டில் வந்தால் எவனாவது ஒரு வக்கீல், அந்த ஒயர் எதற்கு அங்கே இருந்தது என்று கேட்பான். பதினொரு வருடமாக எதற்கு இருந்தது என்று கேட்பான். பதினோரு உறுப்பினர்களும் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே இந்தக் காகிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். பிரிண்டர்தான் இப்போது வேலை செய்கிறதே, புதிதாக ஒன்று அடித்துவிடலாம். கம்ப்யூட்டர் என்ற பேச்சே வேண்டாம். பெரியண்ணன் சுவர்மேல் நின்றபோது நான் மேஜையில் உட்கார்ந்து மோர்ஸ் கீயை என் கையால் அழுத்தினேன் என்று எழுதுங்கள். காபிக் கடைக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்படி எழுதினால் தண்டனை கூடும் என்பீர்கள். கூடட்டும்.

காரணம் என்று கேட்கிற இடத்தில் ஏதாவது பெண் விவகாரம் என்று போட்டுவிடுங்கள். பெரியண்ணனுக்கும் பாக்கியமேரிக்கும் தொடுப்பு, சங்கத்தின் மானத்தைக் காக்க நான் கண்டித்தேன், அவர் கேட்கவில்லை. இப்படி இருந்தால் எல்லாரும் நம்புவார்கள். வள்ளிக்கண்ணு அம்மாவுக்குக் கொஞ்ச நாள் மனசு கஷ்டப்படும். டீச்சரும் அழுவார். பழகிவிடும்.

வெள்ளிவிழா ஆண்டும் அதுவுமாகச் சங்கத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனையும் சொல்கிறேன். எனக்கென்று நான் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, சார்.